சிஎஸ்வியா, ஜேசானா, எக்செல்லா: எக்ஸ்போர்ட் பண்ணும்போது எது காணாமப் போகுது?

போன எபிசோட்ல ஒரு ஏபிஐலேர்ந்து டேட்டாவை எடுத்து பைத்தான்ல லிஸ்ட்டா வச்சுக்கிறது வரைக்கும் பார்த்தோம். இன்னைக்கு அதை ஃபைலா எழுதி வெளியே அனுப்பணும். பாண்டாஸ் இருந்தா ஒரே வரிதானே, இதுக்கு ஒரு எபிசோடான்னு நீங்க கேட்கிறது காதுல விழுது. இருங்க.

2020 அக்டோபர், இங்கிலாந்து. கோவிட் உச்சத்துக்கு ஏறிக்கிட்டிருந்த நேரம். 15,841 பாசிட்டிவ் கேஸ் அன்றாடக் கணக்குல சேரவே இல்லைன்னு தெரிய வந்துச்சு. லேப்கள் அனுப்பின சிஎஸ்வி ஃபைல்களை பப்ளிக் ஹெல்த் இங்கிலாந்து பழைய எக்ஸ்எல்எஸ் ஃபார்மட்டுக்கு மாத்தியிருக்காங்க. அதுல ஒரு ஷீட்டுக்கு 65,536 வரிதான். மிச்சம் விழுந்துடுச்சு. டெஸ்ட் ரிசல்ட் அந்தந்த ஆளுக்குப் போயிருச்சு. ஆனா அவங்க யார் யாரோட இருந்தாங்கன்னு தேடிப்பிடிச்சு எச்சரிக்கிற வேலை நாள் கணக்குல தள்ளிப்போச்சு. இப்போ இருக்கிற எக்ஸ்எல்எஸ்எக்ஸ்ல 10,48,576 வரி வரைக்கும் போகலாம். பாண்டாஸ் அதைத் தாண்டினா எரர் கொடுத்து நின்னுடும். எனக்கு எரர் பிடிக்கும். சத்தமில்லாம விழுங்குறதுதான் பயம்.

இப்போ சிஎஸ்வி. அது வெறும் எழுத்து. எது எண், எது தேதி, எது பெயர்னு அதுக்குள்ள எந்தக் குறிப்பும் கிடையாது. திறக்கிற சாஃப்ட்வேர் தானா யூகிக்கும்.

எனக்குத் தெரிஞ்ச ஒரு தன்னார்வக் குழு, மழை நிவாரணப் பணம் அனுப்ப ஒரு லிஸ்ட் தயார் பண்ணாங்க. பெயர், போன், வங்கிக் கணக்கு எண். ஸ்கிரிப்ட் எழுதின சிஎஸ்வி கச்சிதமா இருந்துச்சு. ஒருத்தர் அதை எக்செல்ல டபுள் கிளிக் பண்ணித் திறந்து, ரெண்டு பெயர்ல எழுத்துப்பிழையைத் திருத்தி சேவ் பண்ணாரு. அவ்வளவுதான். எக்செல் எண்களை 15 இலக்கம் வரைக்கும்தான் சரியா வச்சுக்கும். அதனால 16 இலக்கக் கணக்கு எண்களோட கடைசி இலக்கம் பூஜ்யமாயிடுச்சு. பூஜ்யத்துல ஆரம்பிக்கிற எண்கள்ல முன்னாடி இருந்த பூஜ்யம் போயிடுச்சு. பணம் திரும்பி வந்தா பரவாயில்ல, வேற யார் கணக்குலயாவது விழுந்தா? வீட்டுக்குள்ள தண்ணி புகுந்து உட்கார்ந்திருக்கிறவங்களுக்கு என்ன பதில் சொல்றது? நல்லவேளையா அனுப்புறதுக்கு முன்னாடி, 16 இலக்க எண் அத்தனையும் பூஜ்யத்துல முடியுதேன்னு ஒரு அக்கா கவனிச்சாங்க. ஒரிஜினல் ஃபைல் பத்திரமா இருந்ததால திரும்ப எடுத்துட்டாங்க.

கணக்கு எண், போன், பின்கோடு இதையெல்லாம் நீங்க கூட்டவோ பெருக்கவோ போறதில்ல. அதனால பைத்தான்ல ஸ்ட்ரிங்காவே வச்சுக்கோங்க. எக்செல்ல திறக்கப்போறவங்களுக்கு சிஎஸ்வி வேண்டாம், ஓபன்பைஎக்செல் வச்சு எக்ஸ்எல்எஸ்எக்ஸாவே எழுதிக் கொடுங்க. ஸ்ட்ரிங் ஸ்ட்ரிங்காவே உட்காரும். பாண்டாஸும் சும்மா இல்ல, சிஎஸ்வியைப் படிக்கும்போது அதுவும் முன்னாடி பூஜ்யத்தைத் தின்னுடும். டிடைப் எஸ்டிஆர்னு சொல்லிட்டுப் படிங்க.

(எக்செல்லோட இந்த யூகத்துக்கு விஞ்ஞானிகளே தோத்துட்டாங்க. மார்ச்1னு ஒரு ஜீன். எக்செல் அதை மார்ச் 1ஆம் தேதியா மாத்திக்கிட்டே இருந்ததால, 2020ல ஜீன் பேரையே மார்ச்எஃப்1னு மாத்திட்டாங்க.)

தமிழ்ப் பெயர் இருக்கிற சிஎஸ்வியை எக்செல்ல திறந்தா கோழி கிளறின மாதிரி வருதுன்னு நிறைய பேர் எழுதுறீங்க. என்கோடிங்ல யுடிஎஃப்-8-சிக் கொடுங்க, சரியாயிடும்.

ஜேசான்ல தமிழை எழுதினா பேக்ஸ்லாஷ் யு, அப்புறம் ஏதோ நம்பர்னு வரும். டேட்டா கெடல, படிச்சா பழையபடி தமிழாத்தான் வரும். கண்ணுக்குத் தெரியணும்னா என்ஷ்யூர் ஆஸ்கியை ஃபால்ஸ் ஆக்குங்க. தேதியை அப்படியே கொடுத்தா எரர். ஐசோஃபார்மட் போட்டு ஸ்ட்ரிங்கா மாத்தணும். டிக்‌ஷனரியோட கீ எண்ணா இருந்தா கேட்காமலே ஸ்ட்ரிங் ஆயிடும். ரொம்பப் பெரிய எண்ணை ஜாவாஸ்கிரிப்ட் படிச்சா கடைசி இலக்கங்கள் மாறலாம். ட்விட்டர் ஏபிஐல ஐடி கூடவே ஐடி எஸ்டிஆர்னு ஒண்ணு தனியா வந்தது இதுக்குத்தான்.

பார்க்கே பத்தி ஒரு வார்த்தை. டைப்பையும் சேர்த்தே வச்சுக்கும், பெரிய டேட்டாவுக்கு அருமை. ஆனா உங்க அக்கவுன்டன்ட்டுக்கு அனுப்பிடாதீங்க, திறக்க முடியாம உங்களுக்கே போன் பண்ணுவாரு.

நான் எப்பவும் பண்றது ஒண்ணு: ஃபைலை எழுதின அதே ஸ்கிரிப்ட்ல, அதைத் திரும்பப் படிச்சு, வரி எண்ணிக்கையையும் முக்கியமான ஒரு காலத்தையும் ஒரிஜினலோட ஒப்பிட்டுப் பார்ப்பேன். நாலு வரி கோட். அப்புறம், சிஎஸ்வில முதல் காலமா 0, 1, 2ன்னு வேண்டாத எண்கள் வருதேன்னு கேட்ட தம்பிக்கு: இண்டெக்ஸ் ஃபால்ஸ்!