நீர்மட்டமும் தூண்டிலும்



தமிழ்நாட்டில் பிறந்து வளர்ந்த நம்மில் பலருக்கு, செய்தித்தாளைப் பிரித்ததும் மேட்டூர் அணையில் நீர் எத்தனை அடி நிற்கிறது என்று பார்க்கும் பழக்கம் உண்டு. காவிரிக் கரையில் ஒரு காணி நிலமும் இல்லாதவர்கூட அதைப் பார்க்காமல் அடுத்த பக்கத்தைப் புரட்டமாட்டார். பிழைப்பை நாடித் தில்லிக்கும் சண்டிகருக்கும் லூதியானாவுக்கும் வந்து குடியேறிய பின்னரும் அந்தப் பழக்கம் நம்மை விட்டபாடில்லை. அதே பழக்கத்தை வடக்கே நமக்கு அண்மையில் உள்ள நீர்த்தேக்கங்களின் பக்கம் சற்றுத் திருப்பினால், விடுமுறையில் தூண்டிலோடும் குடும்பத்தோடும் மேற்கொள்ளும் ஏரிப் பயணங்கள் எவ்வளவு செம்மையாக அமையும் என்பதையே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

உதாரணமாக, இமாசலப் பிரதேசத்தில் உள்ள இரண்டு நீர்த்தேக்கங்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று, சட்லெஜ் நதியின் குறுக்கே எழுந்த பக்ரா அணையால் உண்டான கோவிந்த சாகர். 1963-ஆம் ஆண்டு அக்டோபர் 22-ஆம் நாள் ஜவாஹர்லால் நேரு அந்த அணையை நாட்டுக்கு அர்ப்பணித்தார். மற்றொன்று, 1974-இல் கட்டி முடிக்கப்பட்ட போங் அணையால் பியாஸ் நதியில் உண்டான மகாராணா பிரதாப் சாகர். தூண்டில் போடுவதில் விருப்பமுள்ள அன்பர்கள் இவ்விரண்டு இடங்களுக்கும் ஆண்டுதோறும் சென்று வருகிறார்கள்.

செல்பவர்கள் முன்கூட்டியே விசாரிக்காமல் இருப்பதில்லை. சென்ற ஆண்டு யார் போனார், எங்கே நின்றார், என்ன பிடித்தார் என்று கேட்டறிந்து, அதே மாதத்தில் அதே இடத்துக்குப் போகிறார்கள். சென்ற ஆண்டு புல் நிறைந்த கரையும் இடுப்பளவு நீரும் இருந்த இடத்தில் இந்த ஆண்டு கால் மைல் தூரம் சேறு கிடக்கிறது. மூன்று நாள் விடுப்பும், சேர்த்து வைத்த பணமும், குழந்தைகளின் உற்சாகமும் அந்தச் சேற்றில் போய்விடுகின்றன. பழைய செய்தி பொய்யன்று. அதைத் தேதியோடு பொருத்திப் பார்த்ததே தவறு. நீர்மட்டத்தோடு பொருத்திப் பார்த்திருக்க வேண்டும்.

இதன் காரணத்தை விளக்குகிறேன். நம் ஊர் ஏரிகள் பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை மழையில் நிரம்புபவை. இமயமலை அடிவாரத்து நீர்த்தேக்கங்களின் கணக்கு வேறு. கோடையில் உருகும் பனிநீரும், அதன்பின் வரும் தென்மேற்குப் பருவமழையும் சேர்ந்து செப்டம்பர் மாத வாக்கில் இவற்றை நிரப்புகின்றன. அதன்பின் மின்சாரத்துக்கும் பாசனத்துக்கும் நீர் எடுக்க எடுக்க, மட்டம் படிப்படியாக இறங்கி, மே, ஜூன் மாதங்களில் மிகவும் தாழ்ந்துவிடுகிறது. நம் ஊரில் ஏரி நிரம்பும் கார்த்திகையில் இங்கே ஏரி வடியத் தொடங்கியிருக்கும். ஊர்ப் பஞ்சாங்கத்தை மனத்தில் வைத்துக்கொண்டு இங்கே பயணம் திட்டமிடுவது பொருந்தாது.

கோவிந்த சாகரின் முழு மட்டம் 1680 அடி. கோடை முடிவதற்குள் அது நூறடிக்கு மேல் இறங்கிவிடுவது சாதாரணம். அப்போது, அணை கட்டிய காலத்தில் மூழ்கிய பழைய பிலாஸ்பூர் நகரத்துக் கோயில்கள் நீருக்கு வெளியே தலைகாட்டுகின்றன. போங் நீர்த்தேக்கத்திலும் ‘பாத்தூ கீ லடீ’ என்னும் கோயில் தொகுதி இப்படியே கோடையில் வெளிப்பட்டு, மழைக்காலத்தில் மறைகிறது. கோயிலே மறைந்து தோன்றும் ஏரியில், மீன் மட்டும் ஒரே இடத்தில் காத்திருக்குமா?

இங்கே ஒரு சிறு எச்சரிக்கை. மேட்டூரின் 120 அடி என்பது அணையில் நிற்கும் நீரின் உயரம். பக்ராவின் 1680 அடியோ கடல் மட்டத்திலிருந்து அளந்த உயரம். அணையின் முழு உயரமே 740 அடிதான். மேலும், சில அறிக்கைகள் அடியிலும் சில மீட்டரிலும் கணக்குச் சொல்லும். 1680 அடி என்பது ஏறத்தாழ 512 மீட்டர். இதை அறியாமல் இரண்டு அறிக்கைகளை ஒப்பிட்டால் குழப்பமே மிஞ்சும்.

நீர்மட்டத்தை அறிவது கடினமன்று. மத்திய நீர் ஆணையம் நாட்டின் 150-க்கும் மேற்பட்ட பெரிய நீர்த்தேக்கங்களின் நிலையை வாரந்தோறும் வியாழக்கிழமையன்று வெளியிடுகிறது. இன்றைய இருப்பு, சென்ற ஆண்டு இதே நாளில் இருந்த இருப்பு, கடந்த 10 ஆண்டுகளின் சராசரி ஆகிய மூன்றையும் அதில் காணலாம். பருவமழை ஒவ்வோர் ஆண்டும் ஒரே அளவில் பெய்வதில்லை. 2023 ஆகஸ்டில் போங் நீர்த்தேக்கம் 1390 அடி என்ற தன் வழக்கமான வரம்பையும் தாண்டியது. திறந்துவிட்ட நீர் பஞ்சாபில் குருதாஸ்பூர், ஹோஷியார்பூர் மாவட்டக் கிராமங்களில் புகுந்தது. அத்தகைய ஓர் ஆண்டின் மீன்பிடிச் செய்தி, மழை குறைந்த ஆண்டுக்கு எப்படி வழிகாட்டும்?

மட்டம் எவ்வளவு என்பதோடு, அது ஏறுகிறதா இறங்குகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். நீர் ஏறும்போது புல்லும் புதரும் மூழ்குகின்றன. மண்ணிலிருந்த புழுவும் பூச்சியும் நீரில் விழுகின்றன. அவற்றைத் தேடி மீன் கரையோரத்துக்கு வருகிறது. நீர் இறங்கும்போது அதே மீன் கரையை விட்டு, பழைய ஆற்றுப் பள்ளத்தையும் ஓடைகள் வந்து கலக்கும் வாய்களையும் நாடுகிறது. 1600 அடியில் ஏறும் ஏரியும் 1600 அடியில் இறங்கும் ஏரியும் தூண்டிற்காரருக்கு வெவ்வேறு ஏரிகள்.

இனி, பழைய மீன்பிடிச் செய்திகளைப் படிக்கும் முறையைப் பார்ப்போம். அறிக்கைகளை மொழிபெயர்ப்பதே என் தொழிலாதலால், ஒரு வாக்கியத்தைக் கண்டதும் யார் சொன்னது, எதைக் கருதிச் சொன்னது என்று கேட்பது எனக்குப் பழகிவிட்டது. ‘மீன் மிகுதியாகக் கிடைத்தது’ என்ற வாக்கியத்தையும் அவ்வாறே கேட்க வேண்டும். வலைக்கா, தூண்டிலுக்கா?

இந்தக் கேள்விக்குக் கோவிந்த சாகரிலேயே நல்ல விடை இருக்கிறது. 1971-இல் பெய்த பெருமழையில் பிலாஸ்பூர் அருகே இருந்த மீன் பண்ணை ஒன்றில் வெள்ளம் புகுந்து, அங்கே வளர்ந்த வெள்ளிக் கெண்டை மீன்கள் ஏரியில் கலந்தன. சீன நாட்டு ஆறுகளுக்கு உரிய அந்த மீன் இங்கே பெருகி, வலைக்காரர்களின் முக்கிய வரும்படியாகிவிட்டது. ஆனால் அது நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களை வடிகட்டி உண்பது; தூண்டிலில் கோத்த புழுவையோ மாவுருண்டையையோ எளிதில் சீண்டாது. வலையில் விழுந்த டன் கணக்கைப் படித்துவிட்டுத் தூண்டிலோடு போகிறவர் எதைக் கொண்டு வருவார்?

இன்னொன்றும் உண்டு. வெறுங்கையோடு திரும்பியவர் யாரும் செய்தி எழுதுவதில்லை. நாம் படிப்பவை எல்லாம் மீன் கிடைத்த நாட்களே. ஆகவே ஒவ்வொருவரும் சொந்தமாக ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்வது உத்தமம். தேதி, நீர்மட்டம், ஏற்றமா இறக்கமா, நீர் தெளிவா கலங்கலா, நின்ற இடம், இரை, எத்தனை மணி நேரம், என்ன கிடைத்தது என எட்டு விவரங்கள் போதும். ஒன்றும் கிடைக்காத நாளையும் தவறாமல் எழுதுங்கள். நண்பர்கள் நாலைந்து பேர் இப்படி எழுதி, ஆண்டுக்கொரு முறை ஒப்பிட்டால், சில ஆண்டுகளில் அந்த ஏரியின் இயல்பு உங்களுக்குப் பிடிபட்டுவிடும். அடுத்த பயணத்துக்கு முன் இன்றைய மட்டத்தைப் பாருங்கள். அதே மட்டமும் அதே போக்கும் இருந்த பழைய நாட்களைத் தேடுங்கள். பருவமும் ஒத்திருந்தால் அந்த இடத்துக்குச் செல்லுங்கள். பருவத்தை அடியோடு மறந்துவிடவும் கூடாது. குளிர் மிகுந்த மாதங்களில் நீர்மட்டம் எப்படி இருந்தாலும் கெண்டை இனங்கள் மந்தமாகவே இரை எடுக்கும்.

அந்த மாதங்களில் போக நேர்ந்தால் வருந்த வேண்டாம். போங் ஏரியின் வடிந்த கரைகளில் வரித்தலை வாத்துகள் ஆயிரக்கணக்கில் வந்து மேய்கின்றன. திருநெல்வேலிச் சீமையின் கூந்தங்குளத்துக்கு வருவதும் இதே பறவைதான். குழந்தைகளுக்குக் காட்டுங்கள்.

சட்டத்தையும் நினைவில் கொள்ளுங்கள். மீன்வளத் துறையின் உரிமச் சீட்டு இல்லாமல் தூண்டில் போடலாகாது. ஜூன் 16 முதல் ஆகஸ்ட் 15 வரை இனப்பெருக்கக் காலமாதலால் இந்த நீர்த்தேக்கங்களில் மீன்பிடிக்கத் தடை உண்டு. மழைக்காலத்தில் நீரோட்டத்தை எதிர்த்து மேலேறி முட்டையிடும் பொன்னிற மஹ்சீர் அழியும் நிலையில் உள்ள இனம். அது தூண்டிலில் சிக்கினால் நீரிலேயே விடுவித்துவிடுவது நல்லது.

கடைசியாக, உயிரைப் பற்றிய விஷயம். ஏரி வடிந்திருக்கும் காலத்தில் சிலர் ஏரியை விட்டு ஆற்றில் இறங்குகிறார்கள். அணைகள் உள்ள ஆற்றில் நீர்மட்டம் மழையை மட்டும் பொறுத்ததன்று. 2014 ஜூன் 8-ஆம் நாள், மண்டி மாவட்டத்தில் பியாஸ் நதியில் இறங்கியிருந்த ஐதராபாத்தைச் சேர்ந்த 24 பொறியியல் மாணவர்களை, லார்ஜி அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட நீர் அடித்துச் சென்றது. நம்மைப் போலவே தெற்கிலிருந்து வந்தவர்கள். அந்த ஆற்றின் போக்கை அறியாதவர்கள். ஆகவே அணைக்குக் கீழே ஆற்றுப் படுகையில் இறங்காதீர்கள். அபாயச் சங்கு ஒலித்தால் பெட்டியையும் தூண்டிலையும் போட்டுவிட்டுக் கரையேறுங்கள். உள்ளூர் மீனவர் ‘இன்று வேண்டாம்’ என்று சொன்னால், உங்கள் குறிப்பேடு என்ன சொன்னாலும் அவர் சொல்லையே கேளுங்கள்.

பழைய செய்தி பயனுள்ளதுதான். அது சொல்லப்பட்ட நாளில் நீர் எங்கே நின்றது என்று தெரிந்தால்தான் அதன் பொருள் விளங்கும். இந்த ஒன்றை மனத்தில் கொண்டு புறப்படுங்கள்; மீன் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் பயணம் வீணாகாது.