கவிதை மேடையில் நமக்கும் இடம் உண்டு

(ஜார்ஜ் டவுனில் நடந்த சங்கக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



சம்பளமும் விடுப்பும் பேச வேண்டிய மேடையில் கவிதைக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். கேட்பது நியாயமே. வயிற்றுக்குச் சோறு வேண்டும், அதில் ஐயமில்லை. ஆனால், தன் குறையை நாலு பேர் முன் எடுத்துச் சொல்லத் தெரியாதவனுக்கு அந்தச் சோறும் முழுதாக வந்து சேராது. சொல்லப் பழகும் களங்களுள் ஒன்று கவிதை மேடை. ஆகவேதான் இன்று இதைப் பேசுகிறோம்.

பினாங்கு தமிழுக்குப் புதிய ஊரன்று. இங்கே கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் 1801இல் எழுந்தது. குயின் தெரு மாரியம்மன் கோயில் 1833இல் எழுந்தது. இரண்டுக்கும் நடுவே, 1816இல், பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் தமிழ் வகுப்பு தொடங்கியது. அதைக் கணக்கிட்டே 2016இல் இந்நாட்டுத் தமிழ்க் கல்விக்கு இருநூறு ஆண்டு என்று கொண்டாடினோம்.

கப்பல் வந்த துறைமுகத்திலே புலவரும் வந்து இறங்கினார். நாகூர் குலாம் காதிறு நாவலர் (1833–1908) பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பினாங்குக்கு வந்து ‘வித்தியா விசாரிணி’ என்னும் இதழை நடத்தினார். பின்னர், 1901இல் பாண்டித்துரைத் தேவர் மதுரையில் நிறுவிய தமிழ்ச் சங்கத்தில் பெரும் புலவராய் விளங்கினார். அச்சங்கத்தின்மேல் ‘புலவராற்றுப்படை’ பாடியவரும் அவரே. கடைத்தெருவும் கிட்டங்கியுமாக இருந்த இந்த ஊர், அத்தகைய புலவருக்கு இதழ் நடத்த இடம் கொடுத்தது என்பது நமக்குப் பெருமை.

அடுத்த அலை 1952இல் எழுந்தது. ‘தமிழ் முரசு’ ஆசிரியர் கோ. சாரங்கபாணி தொடங்கிய தமிழர் திருநாள் சிங்கப்பூரிலும் மலாயாவிலும் பரவியது. சாதி, சமயம் பாராது தமிழர் ஒன்றுகூடிய அவ்விழாவில் கவிதைக்கும் பேச்சுக்கும் கட்டுரைக்கும் போட்டிகள் நடந்தன. அவர் வளர்த்த மாணவர் மணிமன்றம் பள்ளிப் பிள்ளைகளின் கையில் பேனாவைக் கொடுத்தது. பணக்காரர் வீட்டுக் கூடத்தில் இருந்த கவிதை, அன்று பொதுத் திடலுக்கு இறங்கி வந்தது.

கவியரங்கம் எப்படி நடக்கும் என்று இளைஞர் சிலருக்குத் தெரியாது. தலைவர் ஒருவர். பொதுத் தலைப்பு ஒன்று. அதன் கிளைத் தலைப்புகளை ஐந்தாறு கவிஞர் பகிர்ந்துகொள்வர். தலைவர் ஒவ்வொருவரையும் பாட்டாலேயே அழைப்பார். அவரும் தலைவரை வணங்கிப் பாட்டாலேயே தொடங்குவார். நல்ல அடி வந்தால் கூட்டம் ‘மீண்டும், மீண்டும்’ என்று கேட்கும். சில மன்றங்களில் ஈற்றடி கொடுத்து வெண்பாவை முடிக்கச் சொல்வதும் உண்டு. அங்கே பட்டமும் பதவியும் செல்லா. தளை தட்டினால் தட்டியதுதான்!

இந்த மரபை நம் காலத்தில் பினாங்கிலே தாங்கி நின்றவர் இறையருட் கவிஞர் செ. சீனி நைனா முகம்மது. இங்கிருந்து ‘உங்கள் குரல்’ இதழை நடத்தினார்; இலக்கணத்தையும் தொல்காப்பியத்தையும் எளிய தமிழர்க்குச் சொல்லிக் கொடுத்தார். நம் நிகழ்ச்சிகளில் எழுந்து நின்று பாடும் தமிழ் வாழ்த்து அவர் இயற்றியது. அவர் 2014இல் மறைந்தார். பாடுகிறவர்களில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்?

தோழர்களே, இனி நம் குறையைச் சொல்கிறோம். மேடையில் தோட்டத் தொழிலாளியைப் பற்றி எத்தனையோ பாட்டுகள் ஒலித்தன. தொழிலாளி பாடிய பாட்டுக்கு மட்டும் அங்கே நாற்காலி போடவில்லை. விடியுமுன் பெரட்டுக்கு நின்று, உளியும் வாளியுமாய் நிரைக்குப் போய், மங்கில் பால் சொட்டும் நேரத்தில் நம் தாய்மார் பாடிய பாட்டு ஒன்றா இரண்டா? கப்பலேறி வந்த கதை, கங்காணியின் கெடுபிடி, லயத்து வீட்டுத் தாலாட்டு, இழவு வீட்டு ஒப்பாரி — இவற்றுக்கும் எதுகை உண்டு, மோனை உண்டு. ஏட்டில் ஏறவில்லை, அவ்வளவே.

அண்டை வீட்டாரைப் பாருங்கள். மலாய்க்காரரின் பந்துன் நாலே வரி. முதல் இரண்டில் ஒரு காட்சி, பின் இரண்டில் கருத்து. மீனவரும் பாடினார், உழவரும் பாடினார். அதனை 2020இல் யுனெஸ்கோ மனித குலத்தின் அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. பினாங்கின் போரியாவில் ஒருவர் அடி எடுத்துக் கொடுக்க, குழு திருப்பிப் பாடும். நம் கும்மியும் அப்படித்தானே? அவர்கள் தம் எளிய பாட்டைத் தெருவிலும் மேடையிலும் வைத்துக் காத்தார்கள். நாமோ நம் பாட்டைப் பாட்டியோடு சேர்த்துச் சுடுகாட்டுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

காலம் காத்திராது. தோட்டங்கள் துண்டாடப்பட்டன; ரப்பர் இருந்த இடத்தில் செம்பனை நிற்கிறது; லயங்கள் கலைந்து மக்கள் அடுக்குமாடிகளுக்குப் போய்விட்டனர். பாட்டுத் தெரிந்த மூதாட்டி ஒரு மாடியில், கேட்க வேண்டிய பேத்தி இன்னொரு மாடியில். செபராங் பிறையையும் தீவையும் இணைக்கும் பாலம் 1985இலேயே வந்துவிட்டது. தோட்டத்துப் பாட்டுக்கும் நகரத்துக் கவியரங்கத்துக்கும் பாலம் போடுவது நம் வேலை.

ஆகவே மூன்று காரியங்களைச் செய்வோம். மாதம் ஒருநாள் மாலை, சங்கக் கட்டடத்தில் கவிதைக் கூட்டம். மரபும் வரட்டும், புதுக்கவிதையும் வரட்டும், தெம்மாங்கும் வரட்டும். ஒவ்வொரு கிளையிலும் எழுதத் தெரிந்தவர் ஒருவர் நோட்டுப் புத்தகத்துடன் மூத்தோரிடம் சென்று, பாட்டையும் பாடியவர் பெயரையும் அவர் இசைவோடு எழுதி வரட்டும். கிராணிமார்களே, பால் கணக்கு எழுதிய கை இதற்கும் உதவும். எழுதியவற்றுள் ஒன்று இதழ்தோறும் நம் பத்திரிகையில் வரட்டும்.

கவிஞர் இல்லாமல் கவியரங்கம் இல்லை. ஆனால் பாய் விரிப்பவரும், தேநீர் ஊற்றுபவரும், கடைசிப் பாட்டு வரை உட்கார்ந்து கேட்பவரும் இல்லாவிட்டால் கவிஞர் யாருக்குப் பாடுவார்? கூலியை ஒன்றுபட்டுக் கேட்டோம், பெற்றோம். நம் குரலையும் ஒன்றுபட்டே காப்போம்.

வாழ்க தமிழ்! வளர்க தொழிலாளர் ஒற்றுமை!