சுருக்கி வாசிக்கும் நற்செய்தியில் நம் வீட்டார்

(தூய கன்னி மரியாவின் பிறப்பு விழாவையொட்டி வழங்கிய வானொலி உரை. சிறுவாச்சூர்ப் பகுதி நேயர்கள் கேட்டுக்கொண்டதால் இங்கே அச்சாகிறது.)



செப்டம்பர் 8 என்றதும் நமக்கு வேளாங்கண்ணி நினைவுக்கு வரும். ஆகஸ்டு மாதக் கடைசியிலேயே பெரம்பலூர், அரியலூர் சாலைகளில் காவி உடுத்தி, மாதா பாட்டுப் பாடிக்கொண்டு நடந்து போகிறவர்களைப் பார்க்கிறோம். ஆனால் அந்த விழா நாளின் நற்செய்தி வாசகம் எது என்று கேட்டால் நம்மில் பலர் யோசிப்போம். மத்தேயு நற்செய்தியின் முதல் அதிகாரம் அது. இன்னார் மகன் இன்னார் என்று ஆபிரகாமில் தொடங்கி மரியாவின் கணவர் யோசேப்பு வரை வரும் நீண்ட பெயர்ப் பட்டியல். வாசிக்கிற சாமியாரே இரண்டு இடத்திலாவது தடுமாறுவார். இதைச் சுருக்கி, பெயர்களை எல்லாம் விட்டுவிட்டு, மரியா கருவுற்றிருந்த செய்தியிலிருந்து தொடங்குவதற்கும் வாசக நூலில் அனுமதி இருக்கிறது. வெயிலும் கூட்டமுமாக இருக்கிற நாளில் பல கோயில்களில் சுருக்கத்தைத்தான் வாசிக்கிறோம். இன்று நாம் அந்த விட்டுப்போகிற பகுதியைப் பற்றித்தான் பேசப்போகிறோம்.

காரணம் இருக்கிறது. முன்பெல்லாம் பங்கு அலுவலகத்துக்கு வருகிறவர்கள் திருமுழுக்குச் சான்றிதழ் கேட்டு வருவார்கள். பள்ளிக்கூடத்துக்கு, கல்யாணத்துக்கு, பாஸ்போர்ட்டுக்கு என்று தேவை இருக்கும். இப்போது வேறு ஒரு கேள்வியோடும் வருகிறார்கள். “சாமி, எங்க தாத்தாவோட அப்பா பேர் புத்தகத்துல இருக்குமா?” என்கிறார்கள். சென்னையிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கும் பிள்ளைகள், வெளிநாட்டில் பிறந்த பேரப்பிள்ளைகள் எல்லாம் கேட்கிறார்கள். இது நல்ல கேள்வி. ஆனால் பதில் எப்போதும் இனிப்பாக இருப்பதில்லை.

சிறுவாச்சூர்க்காரர்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. மதுரகாளி அம்மன் கோயில் நடை திறக்கிற திங்கட்கிழமையும் வெள்ளிக்கிழமையும் நெடுஞ்சாலை ஓரம் வந்து நிற்கும் கார்களைப் பாருங்கள். பட்டணத்தில் மூன்று தலைமுறையாக வாழ்கிறவர்கள், சொந்த ஊர் எது என்று சொல்லத் தெரியாதவர்கள்கூட, “எங்களுக்குக் குலதெய்வம் சிறுவாச்சூர்” என்று சொல்லிக்கொண்டு வருகிறார்கள். நிலம் போயிற்று, வீடு போயிற்று, குலதெய்வம் மட்டும் முன்னோர் எந்தப் பக்கத்திலிருந்து புறப்பட்டார்கள் என்பதைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. நம் அண்டை வீட்டாருக்கு அது ஒரு எழுதாத ஆவணம். நமக்கோ எழுதின ஆவணம் இருக்கிறது. பங்கு அலுவலக அலமாரியில், துணி அட்டை போட்டு, ஓரம் பழுத்துப் போய்க் கிடக்கிறதே, அந்தத் திருமுழுக்குப் பதிவேடு.

இந்தப் புத்தகம் எப்படி வந்தது? திரிதெந்து பொதுச்சங்கம் 1563-ஆம் ஆண்டில் ஒவ்வொரு பங்கிலும் திருமணங்களை எழுதிவைக்க வேண்டும், திருமுழுக்கில் ஞானப்பெற்றோரின் பெயரையும் குறிக்க வேண்டும் என்று சட்டம் செய்தது. 1614-இல் வெளியான உரோமைச் சடங்கு நூல் இறந்தோருக்கும் குடும்பங்களுக்கும்கூடத் தனி ஏடு வேண்டும் என்றது. நம் நாட்டில் பிறப்பு இறப்பை எல்லாரும் கட்டாயமாகப் பதிய வேண்டும் என்ற சட்டம் வந்தது 1969-இல்தான். இடையில் இருக்கிற காலத்தை எண்ணிப் பாருங்கள். கரிசல் காட்டில் கூலிக்குச் சோளம் அறுத்த ஒருவர். பட்டா இல்லை, பத்திரம் இல்லை, வழக்கு இல்லை. சர்க்கார் காகிதத்தில் அவர் பெயர் ஏற வழியே இல்லை. ஆனால் அவர் தம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்கு வந்த நாளில் அவர் பெயரும், அவர் மனைவியின் பெயரும், ஊரும், குழந்தையின் பெயரும் மையில் ஏறிவிட்டன. பண்ணையாரின் குழந்தைக்கும் அதே ஏடுதான், அதே வரிசை எண்தான்.

தேடுகிறவர்களுக்குச் சில விவரங்கள் சொல்ல வேண்டும். பழைய ஏடுகள் பெரும்பாலும் இலத்தீனில் இருக்கும். உங்கள் பூட்டனார் இராயப்பன் அதில் பேத்ருஸ் ஆகியிருப்பார். சின்னப்பன் பவுலுஸ், அருளப்பன் யோவான்னஸ், சூசை யோசேபுஸ், ஞானப்பிரகாசம் அலோய்சியுஸ். தமிழ்ப் பெயரைத் தேடினால் கண்ணில் படாது. நமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது, தகப்பன் பெயரின் முதல் எழுத்துதான். அதனால் ஒவ்வொரு தலைமுறையையும் தனித்தனியாகப் பிடித்து ஏற வேண்டும். மகனின் பதிவில் தகப்பன் பெயரும் ஊரும் கிடைக்கும், அதைக் கொண்டு தகப்பனின் பதிவைத் தேட வேண்டும், இப்படியே போக வேண்டும்.

எந்தக் கோயிலில் தேடுவது என்பதும் ஒரு கேள்வி. இன்று தனிப் பங்காக இருக்கும் ஊர், முன்னே வேறொரு பங்கின் கிளைக் கிராமமாக இருந்திருக்கும். அப்போது தாய்ப் பங்கின் ஏட்டைத்தான் பார்க்க வேண்டும். கும்பகோணம் மறைமாவட்டமே 1899-இல்தான் புதுச்சேரியிலிருந்து பிரிந்தது. அதற்கு முந்தின கடிதங்களும் அறிக்கைகளும் புதுச்சேரிப் பக்கம் இருக்கலாம்.

பெண்களைத் தேடுவது கடினம் என்று எல்லாரும் நினைக்கிறோம். வாழ்க்கைப்பட்டுப் போன பெண் எங்கே போனாள் என்று யார் எழுதிவைத்தார்கள்? எழுதியிருக்கிறார்கள். 1908 உயிர்ப்புப் பெருவிழா முதல் நடைமுறைக்கு வந்த ஒரு திருச்சபைச் சட்டப்படி, ஒருவருக்கு எந்த ஊரில் திருமணம் நடந்தாலும், அவர் திருமுழுக்குப் பெற்ற பங்குக்குத் தகவல் போக வேண்டும். அங்குள்ள பதிவின் ஓரத்தில் அதைக் குறிக்க வேண்டும். ஆகவே ஒரு பெண்குழந்தையின் திருமுழுக்கு வரிக்குப் பக்கத்தில், இருபது வருடம் கழித்து, வேறொருவர் கையெழுத்தில், அவள் கணவன் பெயரும் திருமணம் நடந்த கோயிலும் இருக்கும். அந்த ஓரக் குறிப்பைப் பிடித்துக்கொண்டு அடுத்த ஊருக்குப் போகலாம். இன்னொன்றும் உண்டு. மாமன் மகளையும் அத்தை மகனையும் கட்டுவது நம் வழக்கம். திருச்சபையில் அதற்கு உறவுத் தடை உண்டு, ஆயரிடம் அனுமதி வாங்க வேண்டும். அந்த அனுமதிக்காக யாருக்கு யார் என்ன முறை என்று விவரமாக எழுதுவார்கள். அன்றைக்குப் பெரிய தொல்லையாகத் தெரிந்த அந்தக் காகிதம் இன்றைக்குக் குடும்ப மரத்தையே வரைந்து கொடுத்துவிடுகிறது!

கடல் கடந்து போனவர்களின் கதை இன்னும் கனமானது. 1860 அக்டோபரில் சென்னைத் துறைமுகத்திலிருந்து ‘ட்ரூரோ’ என்ற கப்பல் 342 பேரோடு புறப்பட்டு நவம்பர் 16-ஆம் தேதி தென்னாப்பிரிக்காவின் டர்பனைச் சேர்ந்தது. கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள். 1911 வரை இப்படி நட்டால் நாட்டுக்கு மட்டும் ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்டவர்கள் போனார்கள். கப்பல் பட்டியலில் ஒவ்வொருவருக்கும் ஒரு எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள அடையாளம் என்று எழுதினார்கள். சாதி என்ற இடத்தில் சிலருக்குக் ‘கிறிஸ்தவர்’ என்றே எழுதியிருக்கிறது. எழுதினவர் எதை நினைத்து எழுதினாரோ, அந்த ஒரு சொல்லுக்காகவே அந்த ஏட்டை முத்தமிடலாம் போலிருக்கிறது. மொரீசியசிலும் இப்படிப்பட்ட ஏடுகளை மோக்கா என்ற ஊரிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனம் பாதுகாத்து வைத்திருக்கிறது. போனவர்களின் பேரப்பிள்ளைகள் அங்கே போய்த் தங்கள் முன்னோரின் எண்ணைக் கேட்கிறார்கள்.

அப்படி ஒருவர் கையில் ‘சிறுவாச்சூர்’ என்று எழுதின தாளோடு வந்தால் என்ன செய்வது? முதலில் ஜில்லாவைப் பார்க்க வேண்டும். சேலம் மாவட்டத்தில் தலைவாசல் பக்கம் இன்னொரு சிறுவாச்சூர் இருக்கிறது. நம் சிறுவாச்சூரானால் தாளில் பெரம்பலூர் மாவட்டம் என்று இராது. பெரம்பலூர் தனி மாவட்டமானது 1995-இல்தான், அதற்கு முன்பெல்லாம் திருச்சிராப்பள்ளி ஜில்லா. அதிலும் அன்றைய எழுத்தர் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதிய ஊர்ப் பெயர் எப்படியெல்லாம் திரிந்திருக்குமோ!

இதுவரை சொன்னது வழி. இனி, போய்ச் சேருகிற இடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

வேர் தேடுகிற பலர் மனதில் ஒரு ஆசை இருக்கிறது. நம் முன்னோர் பெரிய ஆள்களாக இருந்திருப்பார்கள், வீரமாமுனிவர் காலத்திலேயே ஏலாக்குறிச்சியில் ஞானஸ்நானம் பெற்றிருப்பார்கள், ஊரில் முதல் மரியாதை வாங்கியிருப்பார்கள் என்று. ஏட்டைத் திறந்தால் வேறு ஏதாவது இருக்கும். பழைய ஏடுகள் பலவற்றில் பெயருக்குப் பக்கத்தில் சாதி எழுதப்பட்டிருக்கிறது. வீட்டில் சொல்லாமல் விட்டது அங்கே இருக்கும். தாது வருடப் பஞ்சத்தில், அதாவது 1876 முதல் 1878 வரை, கஞ்சித் தொட்டிக்கு வந்து கோயிலோடு ஒட்டிக்கொண்ட குடும்பம் என்று தெரியவரும். சில குழந்தைகளின் வரியில் தாய் பெயர் மட்டும் இருக்கும், தகப்பன் அறியப்படவில்லை என்று இலத்தீனில் இரண்டு சொல் இருக்கும். பார்த்தவர் முகம் மாறிப்போகும். “இதை விட்டுட்டு எழுதிக்கலாமா சாமி?” என்று கேட்பார்கள்.

ஏடு அறுந்துபோகிற இடமும் ஒன்று உண்டு. அதைச் சொல்லாமல் போவது நேர்மையாகாது. 1950-இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதி உரிமையை இந்துக்களுக்கு மட்டும் தந்தது. பிறகு 1956-இல் சீக்கியர்களையும் 1990-இல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவர்களைச் சேர்க்கவில்லை. அதனால் நம் மக்களில் பலர் கோயிலில் ஒரு பெயரும் பள்ளிக்கூடத்தில் ஒரு பெயருமாக வாழ்கிறார்கள். பேரன் நாளைக்குத் தேடிவரும்போது ஏட்டில் இருக்கும் சவேரியாரும் சான்றிதழில் இருக்கும் சுப்பிரமணியும் ஒருவர்தான் என்று யார் சொல்வது? பிள்ளை படிக்க வேண்டும் என்பதற்காகத் தன் பெயரைப் பாதியாக்கிக்கொண்டவரைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை.

இப்போது மத்தேயுவிடம் திரும்புவோம். அவரும் பட்டியலைச் சுருக்குகிறார். யோராமுக்கும் உசியாவுக்கும் நடுவே மூன்று அரசர்களை விட்டுவிடுகிறார். குறிப்பேடு நூலை எடுத்துப் பார்த்தால் அந்த மூவரும் இருக்கிறார்கள். அரசர்களையே விட்டவர் யாரை விடவில்லை என்று கவனித்தீர்களா? மாமனாரிடம் தன் உரிமைக்காக வேடம் போட்ட தாமார். எரிகோ நகரின் விலைமகள் இராகாபு. வேற்று இனத்து மோவாபியப் பெண் ரூத்து. நான்காவது பெண்ணின் பெயரைக்கூடச் சொல்லாமல் ‘உரியாவின் மனைவி’ என்கிறார். பத்சேபா என்று எழுதியிருந்தால் தாவீது செய்தது மறந்துபோயிருக்கும். உரியாவின் மனைவி என்று எழுதியதால் தாவீது கொன்ற அந்த மனிதனும் ஆண்டவரின் குடும்ப ஏட்டுக்குள் வந்துவிட்டான். இந்த நான்கு பெண்களுக்குப் பிறகு ஐந்தாவதாகத்தான், இன்று பிறந்தநாள் கொண்டாடுகிறோமே, அந்த அன்னை மரியா வருகிறார்.

எஸ்ரா நூலின் இரண்டாம் அதிகாரத்தில் இதற்கு நேர்மாறான ஒரு காட்சி இருக்கிறது. பாபிலோனிலிருந்து திரும்பி வந்தவர்களில் சில குரு குடும்பங்கள் தங்கள் தலைமுறை அட்டவணையைத் தேடினார்கள். கிடைக்கவில்லை. குருத்துவப் பணியிலிருந்து அவர்களை விலக்கிவைத்தார்கள். ஏடு அங்கே வாசற்கதவாக இருந்தது, பெயர் இல்லாதவர் வெளியே. மத்தேயுவின் ஏட்டிலோ வெளியே நிற்க வேண்டியவர்கள் என்று ஊர் நினைத்தவர்கள் உள்ளே இருக்கிறார்கள்.

ஆகையால் ‘விட்டுட்டு எழுதிக்கலாமா’ என்று கேட்கிறவர்களுக்கு நாம் சொல்வது இதுதான்: உங்கள் நோட்டில் நீங்கள் எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள், ஏட்டில் இருப்பது இருக்கட்டும். அந்தத் தகப்பன் பெயர் இல்லாத குழந்தையை அன்றைக்குக் கையில் ஏந்தி நின்ற ஞானத்தாயின் பெயர் அதே வரியில் இருக்கிறது, அதையும் சேர்த்து எழுதுங்கள். சாதியைத் தெரிந்துகொண்டு பெருமைப்படவும் வேண்டாம், குன்றிப்போகவும் வேண்டாம். நம் மறைசாட்சி தேவசகாயத்துக்கு 2022 மே 15-ஆம் தேதி புனிதர் பட்டம் அளித்தபோது, அவர் பெயரோடு ஒட்டியிருந்த சாதிப் பெயரை உரோமை விட்டுவிட்டது. திருமுழுக்கில் பெற்ற லாசர் என்ற பெயரும் அதன் தமிழாகிய தேவசகாயம் என்ற பெயரும் போதும் என்று ஆயிற்று.

பழைய ஏடுகளைக் கவனமாகப் பாதுகாக்க வேண்டும் என்று திருச்சபைச் சட்டத்தின் 535-ஆம் எண் சொல்கிறது. கரையானுக்கு அந்தச் சட்டம் தெரியாது. பங்குகளில் இப்போது பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வைக்கும் வேலை நடக்கிறது. இளைஞர்கள் கை கொடுத்தால் சீக்கிரம் முடியும். உங்கள் வீட்டிலும் பாருங்கள். தகரப் பெட்டியில், பழைய செபப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில், பிள்ளைகள் பிறந்த தேதியைத் தாத்தா பென்சிலால் குறித்துவைத்திருப்பார். முதல் நற்கருணைப் படத்தின் பின்னால் ஊரும் வருடமும் இருக்கும். பாட்டி இருக்கும்போதே அவரிடம் கேட்டு, அவருடைய அம்மா பெயர், அம்மாவைப் பெற்ற அம்மாவின் பெயர், பிறந்த ஊர் மூன்றையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்த ஞாயிறு திருப்பலி முடிந்ததும் அலுவலகத்துக்கு வந்து உங்கள் சொந்தத் திருமுழுக்கு வரியையும் ஒருமுறை பாருங்கள். பெயர் எழுத்துப் பிழையில்லாமல் இருக்கிறதா, திருமணக் குறிப்பு ஓரத்தில் ஏறியிருக்கிறதா என்று சரிபாருங்கள். வெளியூரில் கல்யாணம் முடித்தவர்கள் அந்தக் கோயிலின் சான்றிதழைக் கையோடு கொண்டுவாருங்கள்.