செலவைக் கட்டடத்தில் குறையுங்கள், கூலியில் கை வைக்காதீர்கள்

(தோட்டத் தொழிற்சங்கக் கிளைக் கூட்டத்தில் ஒரு தோட்டக் கிராணி ஆற்றிய உரை)



நகராண்மைக் கழகங்கள் நடத்தும் மண்டபம், திடல், நீச்சல் குளம் ஆகியவற்றைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் என்னைப் பணித்தார். தோட்டத்துக்காரனுக்கு நீச்சல் குளம் எதற்கு என்று சிலர் நகைக்கலாம். தோட்டங்கள் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் நம் மக்கள் ஆயிரக்கணக்கில் பட்டணத்து வீடமைப்புப் பகுதிகளுக்குக் குடிபெயர்ந்து விட்டனர். லயத்துக்கு அருகே இருந்த பந்துத் திடல் அங்கே இல்லை. பிள்ளைகள் ஓடவும் ஆடவும் கழகத்தின் இடமே கதி. அந்த இடம் பழுதாகி, "செலவு தாளவில்லை, ஆளும் வருவதில்லை, மாற்றிக் கட்டுவோம்" என்ற பேச்சு எழும்போது நாம் வாய் மூடி இருக்கலாமா?

இதே பேச்சு இங்கிலாந்தில் பல ஊர்களில் எழுந்தது. அங்கே நீச்சல் குளமும் உடற்பயிற்சிக் கூடமும் நடத்துவது ஊர் மன்றங்களின் வழக்கம். குளிர் நாட்டில் குளம் பெருந்தீனிக்காரன். நீரையும் சூடாக்க வேண்டும், மேலே உள்ள காற்றையும் சூடாக்க வேண்டும். எரிபொருள் விலை ஏறியதும் பல குளங்கள் தள்ளாடின. 2023ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் அரசாங்கம் 6 கோடியே 30 லட்சம் பவுன் உதவி நிதி ஒதுக்க நேர்ந்தது.

தோழர்களே, செலவைக் குறைக்க மூன்று வழிகள் உண்டு. ஒன்று, ஊழியர் கூலியைக் குறைப்பது. இரண்டு, நுழைவுக் கட்டணத்தைக் கூட்டிக் கதவுகளைச் சீக்கிரம் அடைப்பது. மூன்று, கட்டடமும் இயந்திரமும் தின்னும் செலவைக் குறைப்பது. முதல் இரண்டும் சுலபம். ஆனால் அவை ஏழையின் வயிற்றிலும் ஏழைப் பிள்ளையின் விளையாட்டிலும் அடிப்பவை. மூன்றாவது வழிக்கு மூளையும் முதலும் வேண்டும்.

இங்கிலாந்தின் எக்ஸிடர் நகர மன்றம் மூன்றாவது வழியில் துணிந்து இறங்கியது. பழைய குளத்துக்குப் பதிலாக 2022இல் புதிய நிலையத்தைத் திறந்தது. ஜெர்மனியில் உருவான 'பாசிவ்ஹவுஸ்' என்னும் முறையில் பிரிட்டனில் எழுந்த முதல் உடற்பயிற்சி, நீச்சல் நிலையம் அதுவே. தடித்த சுவர், மூன்றடுக்குக் கண்ணாடி, காற்றுக் கசியாத கட்டு. வெளியேறும் சூடான காற்று, உள்ளே வரும் குளிர்காற்றுக்குத் தன் வெப்பத்தைக் கொடுத்து விட்டே போகிறது. சாதாரணக் கட்டடத்தைக் காட்டிலும் எரிசக்தியில் 70 விழுக்காடு வரை மிச்சம் பிடிப்பதே திட்டமிட்டவர்களின் குறிக்கோள்.

புதிதாகக் கட்டப் பணமில்லாத ஊரும் கை கட்டி நிற்க வேண்டியதில்லை. அதே வட்டாரத்து எக்ஸ்மவுத்தில், துணி துவைக்கும் இயந்திரம் அளவான கணினிப் பெட்டி ஒன்றை 2023இல் குளத்தோடு இணைத்தனர். கணினி வேலை செய்யும்போது எழும் வெப்பம் வீணாகாமல் குளத்து நீரைச் சூடாக்கியது. ஆண்டுக்கு 20,000 பவுன் மிச்சமாகும் என்று கணக்கிட்டனர்.

செலவு குறைந்தால் போதுமா? ஆள் வர வேண்டாமா? இதிலும் ஒரு பாடம் உண்டு. 2009 ஏப்ரலில் இங்கிலாந்து அரசு, 16 வயது வரை உள்ளவர்க்கும் 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்க்கும் இலவச நீச்சல் திட்டத்தைத் தொடங்கியது. அடுத்து வந்த அரசு 2010 ஜூலையோடு அதை நிறுத்திவிட்டது. பயன் பெற்றவரில் பெரும்பாலோர் காசு கொடுத்தும் வந்திருக்கக் கூடியவர்களே என்று காரணம் சொன்னது. காசைக் கூட்டினால் ஏழை நிச்சயம் வெளியேறுவான். ஆனால் காசை எடுத்துவிட்டால் மட்டும் உள்ளே வந்துவிட மாட்டான். போக்குவரத்து, நேரம், கூச்சம் ஆகியவையும் தடைகளே. எக்ஸிடர் நிலையம் பேருந்து நிலையத்தை அடுத்தே அமைந்தது. அங்கே ஒரு குளத்தின் தரையை உயர்த்தவும் தாழ்த்தவும் முடியும். குழந்தைக்கும் முதியவருக்கும் ஏற்ற ஆழம் கிடைக்கும்.

நம் நாட்டில் குளத்தைச் சூடாக்க வேண்டியதில்லை. ஆனால் குளிர்சாதனமும் விளக்கும் பம்பும் மின்சாரத்தைக் குடிக்கின்றன. காற்றோட்டமுள்ள கூரை, நல்ல பம்பு, கூரை மேல் சூரிய மின்தகடு, இங்கே கை வைக்கட்டும். கூட்டிப் பெருக்குபவரையும் காவலரையும் குத்தகைக்காரனிடம் தள்ளி மிச்சம் காட்ட வேண்டாம். குத்தகை முறையின் இலட்சணம் நமக்குத் தெரியாததா?

இங்கிலாந்தில் மன்ற உறுப்பினர் வாக்குக் கேட்டு வாசலுக்கு வந்தாக வேண்டும். நம் நாட்டிலோ ஊராட்சித் தேர்தல் 1965இல் நிறுத்தப்பட்டது. 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உறுப்பினர்களை மாநில அரசுகளே நியமிக்கின்றன. வாக்குச் சீட்டு இல்லாத இடத்தில் சங்கத்தின் குரலே நமக்குச் சீட்டு.

ஆகவே கிளைதோறும் மூன்று கோரிக்கைகளை எழுத்து மூலம் அனுப்புவோம். வரைபடம் போடுமுன், வருகிறவரை மட்டுமல்ல, வராதவரையும் கேளுங்கள். மிச்சம் மின்சாரத்தில் இருக்கட்டும், ஊழியரில் ஒருவர் வேலையும் போகக்கூடாது. விடியுமுன் எழுந்து பால் வெட்டி மதியம் ஓய்பவருக்கும், மாலையில் ஆபீசை விட்டு வருபவருக்கும், பெண்களுக்குத் தனியாகவும் நேரம் ஒதுக்குங்கள்.

கிராணிமார்களே, செக்ரோலில் வந்தவர் கணக்கு எழுதும் நாம், பிள்ளைகள் ஏன் அந்தத் திடலுக்குப் போவதில்லை என்பதையும் வீடு வீடாகக் கேட்டு எழுதுவோம். அந்தக் கணக்கோடு போனால் கழகம் நம்மை எளிதில் தட்டிக் கழிக்க முடியாது.

ஒற்றுமை ஓங்குக!