வாத்து முத்திரையும் பௌதிக விஞ்ஞானியும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஆண்டுதோறும் ஒரு முத்திரை வெளிவருகிறது. தோற்றத்தில் அஞ்சல் தலையே போன்றது. ஆயினும் அதனை உறையில் ஒட்டிக் கடிதம் அனுப்ப இயலாது. ‘ஸ்டாம்ப்’ என்ற சொல்லைக் கண்டவுடன் அஞ்சல் தலை என்று எழுதிவிடுதல் என்போன்ற மொழிபெயர்ப்பாளர்களின் வழக்கம். இங்கோ, ரசீதில் நாம் ஒட்டும் ரெவின்யூ ஸ்டாம்புதான் இதற்கு நெருங்கிய உறவு. பதினாறு வயது நிரம்பியவர் எவரும் அந்நாட்டில் காட்டு வாத்துகளை வேட்டையாட விரும்பினால் இம்முத்திரையை வாங்கியே தீரவேண்டும்.

இவ்வேற்பாடு பஞ்சகாலத்தில் பிறந்தது. விளைநிலமாக்கும் ஆசையால் சதுப்பு நிலங்களின் நீரை வடித்துவிட்டிருந்த நாட்டில், 1930-களில் பெருவறட்சியும் வந்து சேர்ந்தது. வாத்துகள் முட்டையிட இடமின்றி அருகின. 1934 மார்ச்சில் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் இதற்கான சட்டத்தில் கையொப்பமிட்டார். கேலிச்சித்திரங்களால் புகழ்பெற்ற ஜே நார்வுட் டார்லிங் வரைந்த முதல் முத்திரை ஒரு டாலருக்கு விற்றது. 2015 முதல் விலை 25 டாலர். டாலருக்கு 98 சென்ட் வீதம் நீர்ப்பறவைகளுக்குரிய நிலத்தைப் பெறுவதற்கே செலவாகிறது. இதுவரை ஏறத்தாழ 60 லட்சம் ஏக்கர் காக்கப்பட்டுள்ளது. கொல்பவனிடம் காசு பெற்றுக் காப்பதா என்று சிலர் முகஞ்சுளிக்கலாம். நிலத்தின் விலையை யாரேனும் கொடுத்தாக வேண்டும். அடுத்த ஆண்டும் பறவை வரவேண்டும் என்று விரும்புகிறவன் கொடுப்பது எனக்கு நியாயமாகவே படுகிறது. துப்பாக்கியையே தொடாத பலரும் இதனை வாங்குகின்றனர்.

முத்திரைக்குரிய ஓவியத்தை 1949 முதல் பொதுப் போட்டியினால் தேர்ந்தெடுக்கிறார்கள். வென்றவருக்குச் சர்க்கார் பணப்பரிசு தருவதில்லை. முத்திரைத் தாள் ஒன்றுதான் பரிசு. ஓவியத்தின் அச்சுப்பிரதிகளை விற்று அவர் பொருளீட்டிக் கொள்ளலாம்.

இப்போட்டியில் ஆறு முறை வென்றவர் மின்னசோட்டா மாநிலத்தைச் சேர்ந்த ஜோசப் ஹாட்மன். பௌதிகத்தில் டாக்டர் பட்டம் பெற்று ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்தவர், அதை விட்டுத் தூரிகையைக் கைக்கொண்டார். பௌதிகமே அவரை ஓவியராக்கிற்று என்று சொல்லிவிட எனக்குத் துணிவில்லை. அவருடைய சகோதரர்கள் ஜேம்ஸும் ராபர்ட்டும் இதே போட்டியில் வென்றவர்களே. எனினும் விஞ்ஞானிக்கு இன்றியமையாத ஒரு குணம் இவ்வோவியத்துக்கும் வேண்டும். கண்ணால் காணாததை எழுதலாகாது.

பச்சைத்தலை ஆண் வாத்து, இனப்பெருக்கம் முடிந்த கோடையில் தன் பகட்டான இறகுகளை உதிர்த்துவிட்டுப் பேடையைப் போலவே மங்கித் தோன்றும். பறக்கும் இறகுகளும் உதிர்வதால் சில வாரங்கள் அதனால் பறக்கவும் முடியாது. கோடைப் புல்வெளியின்மேல் பச்சைத்தலை பளபளக்க அது பறப்பதாக ஒருவர் எழுதினால், படம் எத்துணை அழகாயினும் பொய்யே. இஃது வெறும் நுணுக்கவாதமன்று. இன்ன இனத்தில் ஒரு நாளைக்கு இத்தனை என்று வேட்டைக்கு வரம்பு உண்டு; விடியற்கால மங்கலில் இனத்தைப் பிரித்தறியாதவன் சட்டத்தை மீறிவிடுவான். பத்தங்குல அகலத்தில் எழுதிய படம் இரண்டு விரலளவாகச் சுருங்கிய பின்னரும் பறவை இன்னதென்று தெரிய வேண்டும்.

2008–09-ஆம் ஆண்டு முத்திரையில் ஹாட்மன் எழுதியது ஊசிவால் வாத்து. பழுப்புத் தலையும், கழுத்தில் ஏறும் வெள்ளைக் கோடும், நீண்டு கூர்ந்த வாலும் உடைய இவ்வினத்தை நேயர்கள் குளிர்காலத்தில் வேடந்தாங்கலிலும் பரத்பூரிலும் காணலாம். நம்மிடம் வருபவை வட ஆசியப் பகுதிகளிலிருந்து வருபவை. எனினும் இனம் ஒன்றே.

அவருடைய முதல் வெற்றி, கண்ணைச் சுற்றி மூக்குக்கண்ணாடி அணிந்தாற்போன்ற வெண்திட்டுடைய ஈடர் வாத்து. அம்முத்திரை 1992–93-க்குரியது. 1993-லேயே அவ்வினம் அழிவு அச்சத்துக்குரியதெனச் சட்டப்படி அறிவிக்கப்பட்டது. 2016–17-க்கு அவர் எழுதியது எக்காள அன்னம். 1930-களில் அலாஸ்கா நீங்கலான அமெரிக்காவில் அறியப்பட்டவை எழுபதுக்கும் குறைவே. 1935-ல் மொன்டானாவின் ரெட் ராக் ஏரிகளில் அவற்றுக்கெனச் சரணாலயம் அமைத்தனர். இன்று அவ்வன்னங்கள் அந்நாட்டில் பல்லாயிரமாகப் பெருகியிருக்கின்றன. ஈடர் வாத்தோ இன்னும் அச்சப் பட்டியலிலேயே இருக்கிறது.