சுத்தக் காற்றுக்குக் கூலியாள் மட்டுமா விலை கொடுப்பது?

(புக்கிட் ரம்பாயில் நமது சங்கக் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கூலி, போனஸ், வீடு என்றே இம்மேடையில் பேசிப் பழகிய நாம், இன்று காற்றைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். சங்கத்துக்கும் காற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். இருட்டோடு எழுந்து பெரட்டுக்குப் போய், மரத்துக்கு மரம் நடந்து சீவுகிற நமக்கு நெஞ்சுதான் முதல். நெஞ்சு கெட்டால் வேலை நாள் குறையும். வேலை நாள் குறைந்தால் கூலி குறையும். ஆகவே இது சங்கத்தின் விஷயமே.

புகை நமக்குப் பழைய உறவு. அன்று லயத்து அடுப்பில் கித்தா விறகு எரிந்தது. ரப்பர் ஷீட்டைக் காயவைக்கவும் அதே விறகின் புகைதான். இன்று நம் அடுப்புகள் பெரும்பாலும் காஸ் அடுப்புகளாகிவிட்டன. ஆனால் சாலையில் லாரியும் பஸ்ஸும் மோட்டார் சைக்கிளும் பெருகிவிட்டன. நம் ஊரிலே தொழிற்பேட்டையும் வந்துவிட்டது. 1997-லும் 2015-லும் கடல் தாண்டி வந்த புகைமூட்டத்தை நாம் மறக்கவில்லை. அந்தப் புகையை நாம் தனியே நிறுத்த முடியாது. நம் ஊரில் எழும் புகையைக் குறைக்க முடியும்.

வீட்டு அடுப்புப் புகையால் மட்டும் 2020-இல் உலகெங்கும் சுமார் 32 லட்சம் பேர் இறந்தனர் என்று உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் ஏழை எளியவர்கள். எனவே, புகையை ஒழிக்க வேண்டும் என்பதில் தகராறு இல்லை. யார் பணத்தில் ஒழிப்பது என்பதே கேள்வி.

தோழர்களே, லண்டன் நகரின் கதையைக் கேளுங்கள். 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை நிலக்கரிப் புகையும் பனியும் சேர்ந்து அந்நகரை மூடின. சுமார் 4,000 பேர் மாண்டனர் என்றது அன்றைய கணக்கு. 12,000 வரை இருக்கலாம் என்கின்றன பின்வந்த ஆராய்ச்சிகள். 1956-இல் சுத்தக் காற்றுச் சட்டம் வந்தது. புகை கூடாத பகுதி என்று ஓரிடத்தை அறிவிக்கும் அதிகாரத்தை அச்சட்டம் நகரசபைகளுக்குக் கொடுத்தது. அதிகாரத்தோடு பணப் பொறுப்பையும் சேர்த்தே கொடுத்தது. பழைய கரி அடுப்பை மாற்ற 10 காசு செலவானால், வீட்டுக்காரர் 3 காசு, நகரசபை 3 காசு, மத்திய அரசு 4 காசு என்பது ஏற்பாடு. புகையில்லாக் கரிக்கும் காஸுக்கும் மின்சாரத்துக்கும் வீடுகள் மாறியது இப்படித்தான்.

அது பணக்கார நாடு என்பீர்களா? தமிழ்நாட்டில், மேட்டுப்பாளையத்துக்கு அருகே ஓடந்துறை என்றொரு சிறிய ஊராட்சி. தெருவிளக்குக்கும் குடிநீர்ப் பம்புக்கும் மின் கட்டணம் ஏறிக்கொண்டே போயிற்று. 2006-இல் அவ்வூராட்சி சுமார் 1 கோடியே 55 லட்சம் ரூபாயில் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றைச் சொந்தமாக நிறுவியது. கையிருப்பு 40 லட்சம். மீதி வங்கிக் கடன். தன் தேவை போக மிஞ்சிய மின்சாரத்தை மின்வாரியத்துக்கு விற்றது. கிராமத்து ஊராட்சிக்கு முடிந்தது நம் மன்றங்களுக்கு முடியாதா?

நம் நிலைக்கு வருவோம். மின்சார மோட்டார் சைக்கிள் வாங்குவோருக்கு 2,400 வெள்ளி கழிவு என்று 2024-ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் மத்திய அரசு அறிவித்தது. நல்லது, வரவேற்கிறோம். ஆனால் 1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளத்தில் குடும்பம் நடத்துகிறவர் மீதி விலையை எங்கே தேடுவார்? வாங்கினாலும் லயத்தில் எந்த இடத்தில் சார்ஜ் போடுவார்? இந்த இடைவெளியைத்தான் ஊராட்சி மன்றம் நிரப்ப வேண்டும்.

மலாக்கா மாநிலத்தில் நான்கு ஊராட்சி மன்றங்கள் உள்ளன. அவற்றிடம் நாம் கேட்பவை மூன்று. ஒன்று: ஆண்டுதோறும் வரவு செலவில் சுத்த எரிபொருளுக்கென ஒரு தொகை ஒதுக்கி, குறைந்த வருமானக்காரரின் செலவில் பங்கேற்க வேண்டும். இரண்டு: மன்றத்தின் குப்பை லாரிகளே முதலில் புகை குறைந்த வண்டிகளாக மாறட்டும். மூன்று: தோட்டம் தனியார் நிலம் என்று சொல்லி லயங்களை ஒதுக்காமல், நிர்வாகத்தோடு பேசி அங்கும் பொது சார்ஜ் வசதி அமைக்க வேண்டும். புகைக்கு எல்லைக்கல் தெரியாது.

நம் நாட்டில் ஊராட்சித் தேர்தல் 1965-இல் நிறுத்தப்பட்டது. 1976-ஆம் ஆண்டுச் சட்டப்படி கவுன்சிலர்களை மாநில அரசே நியமிக்கிறது. ஓட்டுச் சீட்டால் கேட்க வழியில்லாதபோது, மனுவாலும் ஒற்றுமையாலும்தான் கேட்க வேண்டும். வரவு செலவு தயாராகும் முன்பே நம் மனு போய்ச் சேர வேண்டும். அதன் நகல் சட்டமன்ற உறுப்பினர் கைக்கும் போக வேண்டும்.

வெறும் மனு போதாது, கணக்கு வேண்டும். எத்தனை வீடுகளில் இன்னும் விறகு எரிகிறது, எத்தனை மோட்டார் சைக்கிள்கள் ஓடுகின்றன, எத்தனை பிள்ளைகளுக்கு இளைப்பு இருக்கிறது என்று வீடுவீடாக எடுப்போம். தொழிலாளர் விவரம் சொல்லட்டும், கிராணிமார் எழுதட்டும். செக்ரோல் எழுதிய கைகளுக்கு இது பெரிய வேலையன்று. அடுத்த கூட்டத்துக்கு அந்தக் கணக்கோடு வருவோம்.