பழைய வண்டி வாங்கப் போகிறீர்களா?



சாம்பியன் ரீப்ஸில் ஒரு குடும்பம். 2001-ஆம் ஆண்டு தங்கச் சுரங்கம் மூடிய பிறகு, ரயில் ஏறி பெங்களூர் போய் வேலை பார்த்துப் பணம் சேர்த்த குடும்பம். கணவனும் மனைவியும் பழைய மாருதி ஆம்னி வாங்கப் போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

வியாபாரி நல்ல பேச்சுக்காரர். "வாங்கண்ணே, வாங்கக்கா! டீ சாப்பிடுங்க. ஒரே ஓனர் ஓட்டின வண்டி. ஒன்றரை லட்சம். உங்களுக்காக ஒன்று நாற்பது" என்கிறார்.

"ஒன்று இருபதுக்குத் தருவீங்களா?" என்று கேட்கக் கணவர் வாய் திறக்கிறார். மனைவி அவர் கையை அழுத்துகிறார். வண்டியைப் பார்க்கும் முன்னே விலை சொல்லிவிட்டால், பிறகு அதற்குக் கீழே இறங்க முடியாது.

"ஆர்.சி.யைக் காட்டுங்க தம்பி" என்கிறார் மனைவி.

ஆர்.சி. என்பது வண்டியின் பதிவுச் சான்று. அதில் எழுத்து ஆங்கிலம்தான். இருந்தால் என்ன? எண்களைப் படிக்கலாமே! பதிவான ஆண்டு 2012. சொந்த உபயோக வண்டிக்குப் பதிவு 15 ஆண்டு செல்லும். 2027-இல் புதுப்பிக்க வேண்டும். அந்தக் கட்டணத்தை 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாய் ஆக்கிவிட்டார்கள். வண்டியைச் சரிசெய்யும் செலவு தனி.

"ஒரே ஓனர்னு சொன்னீங்க. இங்கே ஓனர் எண் 3-னு இருக்கே, தம்பி?"

வியாபாரி தலையைச் சொறிகிறார். "இதோ, இது மலிவு" என்று வேறொரு வண்டியைக் காட்டுகிறார். அது வேலூர் வண்டி. எண் டி.என். என்று தொடங்குகிறது. அதை இங்கே கொண்டுவர அங்குள்ள ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். கர்நாடகத்திலும் சாலை வரி கட்ட வேண்டும். இதையெல்லாம் கூட்டினால் மலிவு எங்கே?

மறுபடி முதல் வண்டிக்கே வருகிறார்கள். தெரிந்த மெக்கானிக்கும் கூட வந்திருக்கிறார். ஆர்.சி.யில் உள்ள சேசிஸ் எண்ணும் வண்டியில் அடித்த எண்ணும் ஒன்றா என்று பார்க்கிறார். இன்ஜின் சூடாவதற்கு முன்பே ஸ்டார்ட் செய்யச் சொல்கிறார். நீலப் புகை வருகிறது. இன்ஜின் ஆயில் எரிகிறது என்று அர்த்தம். நான்கு டயரும் தேய்ந்திருக்கின்றன.

இப்போதுதான் மனைவி விலை சொல்கிறார். "ஒரு லட்சம்."

"சாயங்காலம் வேற பார்ட்டி வராங்கக்கா. டோக்கன் பணமாவது போட்டுட்டுப் போங்க."

"அவங்களுக்கே கொடுங்க தம்பி."

மூவரும் எழுந்து நடக்கிறார்கள். வாசல் தாண்டுவதற்குள் கூப்பிடு வருகிறது. பேசிப் பேசி ஒரு லட்சத்து எட்டாயிரத்தில் முடிகிறது.

"பேர் மாத்தறது மெதுவா பார்த்துக்கலாம். இதுல கையெழுத்து மட்டும் போடுங்க" என்று வியாபாரி வெற்றுப் படிவத்தை நீட்டுகிறார். அது 30-ஆம் எண் படிவம். பெயர் மாற்ற 29, 30 என்ற எண்ணுள்ள படிவங்கள் வேண்டும். பூர்த்தி செய்யாத படிவத்தில் கையெழுத்தும் கூடாது, கைநாட்டும் கூடாது.

பழைய வண்டியை விற்கிறவருக்கும் இதில் ஆபத்து உண்டு. ஒரு கார் பல கை மாறியது. ஆர்.சி.யில் மட்டும் பெயர் மாறவில்லை. விபத்து நடந்தது. 2018-இல் உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது தெரியுமா? ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ, அவரே நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு என்றது. எப்போதோ விற்றவர் மாட்டிக்கொண்டார்!

மனைவி படிவத்தை நிரப்பச் சொல்லி, படித்துக் காட்டச் சொல்லி, பிறகு கணவரைக் கையெழுத்துப் போட வைக்கிறார். 98,000 ரூபாய் கொடுத்து ரசீது வாங்குகிறார். மீதி 10,000 அவர் சுருக்குப் பையில் இருக்கிறது. பெயர் மாறிய ஆர்.சி. கைக்கு வரும் அன்றுதான் அது வெளியே வரும்.